ஏர் பம்ப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்:

“அண்ணா, போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1989 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி ஒன்று வாங்கினேன். 5.0 லிட்டர் வி8. தோட்டத்துக்கு மண், பலகை ஏற்றத்தான். இரண்டு வாரம் முன்னால் ஃப்ரீவேயில் போகும்போது கீச்சென்று கத்தி, ரப்பர் கருகின நாற்றம் வந்தது. ஹூடைத் தூக்கிப் பார்த்தால் ஏர் பம்ப் புல்லி அசையவே இல்லை, பெல்ட் பாதி தேய்ந்து பளபளவென்று இருந்தது. பெரியவர், ‘அது வெறும் புகைச் சட்டத்துக்காக வைத்த சாமான். கழற்றிப் போடு, சின்ன பெல்ட் மாட்டு, ஓட்டையை எல்லாம் போல்ட் வைத்து அடை. பவரும் கூடும், மைலேஜும் கூடும். இந்த வயசு வண்டிக்கு டெக்சாஸில் புகைச் சோதனையே கிடையாது’ என்கிறார். இப்போது கேலனுக்கு 11 மைல்தான் தருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குப் பின்பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஹீட்டர் போட்டால் லேசாகப் புகை வாடை. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். ‘ஏர் பம்ப்பைக் கழட்டினா பிரேக் எப்படிடா புடிக்கும்?’ என்று கத்துகிறார். அடுத்த வருஷம் கம்பெனி என்னைக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றலாம் என்றும் பேச்சு. கழற்றலாமா, கூடாதா?”

தம்பி,

பம்ப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அது இல்லை. போகிற போக்கில் எழுதின அந்த டிக் டிக் சத்தமும், ஹீட்டர் போட்டால் வருகிற வாடையும்தான். பம்ப் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். மூடின கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் வேண்டாம்.

உங்கள் வண்டியில் ஹீட்டர் காற்று எடுக்கிற வாய் முன்கண்ணாடிக்கு அடியில், இன்ஜினின் பின்முனைக்கு மேலே இருக்கிறது. அந்த இடத்தில் எக்ஸாஸ்ட் கசிந்தால் அது வெளியே போவதை விட உங்கள் மூக்குக்கு வருவதுதான் சுலபம். உங்களுக்குத் தெரிகிற வாடை பெட்ரோல் எரிந்த வாடை. அதோடு கூட வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. லேசான தலைவலி, கொஞ்சம் தூக்கக் கலக்கம், ‘நேற்று சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நாளும் போகாதீர்கள், கசிவு நிற்கும்வரை.

இந்தக் கசிவும் உங்கள் செத்துப்போன பம்ப்பும் இரண்டு தனித்தனிப் பிரச்சினை இல்லை என்பது என் சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடலாம், சங்ககிரிக்காரரைக் காக்க வைப்பது நல்லதில்லை.

நானும் நாமக்கல் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன்தான். அங்கே ‘ஏர்’ என்றால் ஒன்றே ஒன்றுதான், பிரேக் ஏர். காலையில் வண்டியை ஸ்டார்ட் போட்டு, டாங்கில் ஏழு எட்டு கிலோ ஏர் ஏறுகிறவரை நின்று, பிறகுதான் கியர் போடுவோம். கம்ப்ரசர் நின்றால் பிரேக் கிடையாது. அப்பா சொன்னது அவருடைய லாரிக்கு நூற்றுக்கு நூறு சரி. உங்கள் எஃப்-150-யில் இருப்பது அந்தச் சாமான் இல்லை. இது ஆயில் பிரேக், அழுத்திக் கொடுப்பதற்கு, இன்ஜின் உறிஞ்சுகிற இழுப்பில் வேலை செய்யும் வேக்குவம் பூஸ்டர். நீங்கள் சொல்லும் பம்ப் ஊதுகிற காற்றில் அழுத்தமே இல்லை, சைக்கிள் டயருக்குக்கூடப் பத்தாது. அளவு நிறைய, வேகம் குறைவு, வீட்டு வாக்குவம் கிளீனரைத் திருப்பிப் பிடித்த மாதிரி.

ஆனாலும் அப்பா முழுக்கத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பம்ப்பின் வால்வுகளைத் திறந்து மூடுவதற்கு இன்ஜின் காற்று இழுக்கிற குழாயான மானிஃபோல்டிலிருந்து சின்னச் சின்ன வேக்குவம் குழாய்கள் போகின்றன. பம்ப்பைப் பிடுங்குகிறவர்கள் இந்தக் குழாய்களையும் பிடுங்கி, வாயை அடைக்காமல் விட்டுவிடுவார்கள். இன்ஜின் அந்த ஓட்டை வழியாகக் காற்று இழுக்கும், ஐடில் தள்ளாடும். பிரேக் பூஸ்டரும் அதே மானிஃபோல்டின் வேக்குவத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஓட்டை பெரிதானால் பெடல் இறுகும். ஆக, அரைகுறையாகக் கழற்றினால் பிரேக்கிலும் தெரியும். அப்பாவிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

இப்போது பம்ப். பெரியவர் சொன்ன மாதிரி இது புகைச் சட்டத்துக்காக வந்ததுதான், அதில் பொய் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வானத்தில் மஞ்சளாகப் படிந்து கண்ணை எரித்த புகை, கார்களின் எக்ஸாஸ்ட்டில் எரியாமல் வருகிற பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து சமைத்ததுதான் என்று ஆரி ஹாகன்-ஸ்மிட் என்கிற கால்டெக் வேதியியல் பேராசிரியர் 1950-களில் காட்டினார். அதன் தொடர்ச்சியாகக் கலிஃபோர்னியா 1966 மாடலிலிருந்து எக்ஸாஸ்ட் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. இரண்டு வருஷத்தில் நாடு முழுக்க வந்தது. அப்போது டெட்ராய்ட் கார் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பம்ப். ஃபோர்டு இதற்கு வைத்த பெயர் தெர்மாக்டர். உங்கள் வண்டியின் மேனுவலில் அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

வேலை ரொம்ப எளிது. இன்ஜின் சில்லென்று இருக்கும்போது பெட்ரோல் அதிகமாகப் போகும், முழுக்க எரியாது. எரியாத மிச்சம் எக்ஸாஸ்ட் போர்ட்டில் சூடாக வெளியே வரும்போது அங்கே கொஞ்சம் புதுக்காற்றை ஊதினால், மிச்சமும் அங்கேயே எரிந்துவிடும். அடுப்பு ஊதுகுழல் ஞாபகம் இருக்கிறதா? புகைகிற விறகுக்குள் ஒரு ஊது ஊதினால் குப்பென்று தீ பிடிக்குமே, அதேதான். அந்தச் சூட்டில், எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சீக்கிரம் வேலைக்குத் தயாராகும்.

இன்ஜின் சூடான பிறகு கதை மாறும். அப்போது கம்ப்யூட்டர், எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து விடுகிறது. சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்றை ஊதினால் சென்சார் ஏமாந்துபோகும், ‘காற்று மிச்சம் இருக்கிறதே, பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். அதனால் ஒரு டைவர்ட்டர் வால்வு அந்தக் காற்றை இன்ஜினை விட்டுத் திருப்பி, கீழே கன்வெர்ட்டரின் நடுவில் கொண்டுபோய் விடுகிறது. கன்வெர்ட்டரின் முன்பாதி நைட்ரஜன் ஆக்சைடைப் பார்த்துக்கொள்ளும், பின்பாதி இந்தக் காற்றை வைத்து மற்றதை எரிக்கும். முழுசாக ஆக்சிலரேட்டர் மிதித்தாலோ, வேகத்தில் சட்டென்று காலை எடுத்தாலோ, இன்னொரு வால்வு, பைபாஸ் வால்வு, காற்றை மொத்தமாக வெளியே விட்டுவிடும். இல்லாவிட்டால் சைலன்சரில் வெடிக்கும். ஆக, பைபாஸ் என்பது ஃபோர்டே வைத்துக் கொடுத்ததுதான். எப்போது பைபாஸ் செய்வது என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கோர்வையில் யாருமே கவனிக்காத ஒரு சாமான் உண்டு. செக் வால்வு. எக்ஸாஸ்ட் குழாயில் திருகியிருக்கும் ஒரு தகரக் குமிழ், எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிது. பம்ப்பிலிருந்து காற்று எக்ஸாஸ்ட்டுக்குப் போகலாம், எக்ஸாஸ்ட் பம்ப் பக்கம் திரும்பி வரக் கூடாது. இதுதான் அதன் ஒரே வேலை. ஒரு பக்கம் கொதிக்கிற எக்ஸாஸ்ட், மறுபக்கம் ஈரக்காற்று. இப்படி முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்த தகரம் என்ன ஆகும்? உள்ளே துரு தின்று ஓட்டை விழும். எக்ஸாஸ்ட் பின்னோக்கி வரும். முதலில் ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வறண்டு பிஸ்கட் மாதிரி ஆகும். அடுத்து டைவர்ட்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் தகடு கருகும். கடைசியில் கரியும், எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஈரமும் பம்ப்புக்குள் போய்ச் சேரும். பம்ப் இறுகும்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததில்லை. கலிஃபோர்னியா வந்த புதிதில் வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்தேன். ஒரு வேன் வந்தது, ஏர் பம்ப் ஜாம். நான் சாமர்த்தியமாக ஒரே மணி நேரத்தில் ரீபில்ட் பம்ப் போட்டு அனுப்பினேன். ஏழு வாரத்தில் அதே வேன், அதே சத்தம். ‘பார்ட்ஸ் கடைக்காரன் மட்டமான பம்ப் கொடுத்துவிட்டான்’ என்று வாரண்டியில் இன்னொன்று வாங்கிப் போட்டேன். அதுவும் போனது. அந்தக் கடையில் வேலை செய்த வயதான ஃபோர்மேன் ஒன்றும் பேசவில்லை. செத்த பம்ப்பை வைஸில் பிடித்து, ஹேக்ஸாவால் மூடியை அறுத்துத் திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே இருந்த தகடுகள் எல்லாம் ஈரக் கரி. சுவரெல்லாம் மசி. விரலால் ஒரு கோடு இழுத்து என் சட்டையில் துடைத்துவிட்டுப் போய்விட்டார். வெளிக்காற்றை மட்டும் இழுக்கிற பம்ப்புக்குள் எக்ஸாஸ்ட் கரி எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. செக் வால்வின் விலை அந்தப் பம்ப்பின் விலையில் ஒரு துண்டுகூட வராது. அதை மாற்றின பிறகு அந்த வேன் எனக்குத் தெரிந்து மறுபடி பம்ப்புக்காக வரவில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, பம்ப்பைக் கழற்றலாமா என்பது இல்லை, பம்ப் எதனால் செத்தது என்பதுதான்.

இப்போது உங்கள் டிக் டிக் சத்தத்துக்கு வாருங்கள். 5.0 இன்ஜினில் பம்ப் காற்று இரண்டு ஹெட்டுகளுக்கும், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடிகளுக்கும், எப்படிப் போகிறது தெரியுமா? ஹெட்டுகளின் பின்முனையில், கேபினைப் பிரிக்கிற தடுப்பான ஃபயர்வாலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வளைந்து போகும் ஒரு மெல்லிய இரும்புக் குழாய். கிராஸ்ஓவர் டியூப் என்போம். அது துருப்பிடிப்பது இந்த இன்ஜினில் கைகண்ட வியாதி. செக் வால்விலோ குழாயின் கீழ்வளைவிலோ ஓட்டை விழுந்தால், சில்லென்று இருக்கும் இன்ஜினில் டிக் டிக் என்று கேட்கும். சத்தத்தை வைத்து வால்வ் லிஃப்டர் என்று நினைத்து, ஆயிலை மாற்றி, பணத்தைக் கொட்டினவர்கள் உண்டு. அது எங்கே இருக்கிறது பாருங்கள், ஹீட்டர் வாய்க்குக் கீழேயே. உங்கள் சத்தம், வாடை, பம்ப் மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பின மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் பந்தயம் கட்டினால் அதன் மேல்தான் கட்டுவேன்.

அப்படியானால் மைலேஜும் இதே குடும்பம்தான். குழாயில் ஓட்டை இருந்தால் எக்ஸாஸ்ட் துடிப்புக்குத் துடிப்பு வெளியே அடிப்பதோடு, நடுவில் வெளிக்காற்றை உள்ளேயும் இழுக்கும். அந்தக் காற்று ஆக்சிஜன் சென்சாரைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னால் சொன்ன ஏமாற்று வேலை இங்கே நடக்கும். சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். இந்த வண்டி ஒன்றும் சிக்கனத்துக்குப் பெயர் போனதில்லை. கேலனுக்கு 14, 15 வந்தாலே நல்ல நிலைமை. ஆனால் 11 என்பது எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பழைய ஆக்சிஜன் சென்சார், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், பின் டிரம் பிரேக் உரசுவது என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை இந்தக் கசிவை அடைத்த பிறகு பாருங்கள், முன்னால் பார்த்தால் குழம்பிப் போவீர்கள்.

பெரியவர் சொன்ன ‘பவர் கூடும்’ விஷயம். அவருடைய நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பம்ப்பை பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், இரண்டு விரலில் சுற்றும். நீங்கள் பவர் வேண்டுமென்று முழுசாக மிதிக்கிற நேரத்தில் அது காற்றை வெளியில் விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அது தின்கிற சக்தியை உங்கள் வலது கால் கண்டுபிடிக்கவே முடியாது. ஜாம் ஆன பம்ப்பைக் கழற்றினவர்களுக்கு வண்டி லேசான மாதிரி இருக்கும், உண்மைதான். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடினவன் கல்லை அவிழ்த்தால் வேகமாகத்தான் ஓடுவான். அதே இடத்தில் நல்ல பம்ப்பைப் போட்டாலும் அதே லேசு கிடைத்திருக்கும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பம்ப் இல்லாவிட்டால் இன்ஜின் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களையும் நம்பாதீர்கள். இன்ஜின் கண்டுகொள்ளாது. பிஸ்டன், வால்வ் எதற்கும் ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டரிடம் செல்ஃப்-டெஸ்ட் கேட்டால் 44 என்று ஒரு கோட் சொல்லும், மற்றபடி வண்டி ஓடும். புகை மட்டும் அழுக்காக வரும், குறிப்பாகக் காலையில். அடுத்த வீட்டுக்காரர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில்.

அப்புறம் சட்டம். டெக்சாஸில் சோதனை கிடையாது என்று பெரியவர் சொன்னது உங்கள் வண்டியைப் பொறுத்தவரை உண்மை. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி புகைச் சோதனை உள்ள கவுண்டிதான், ஆனால் 24 வருஷத்துக்கு மேல் பழைய வண்டிக்கு அந்தச் சோதனை இல்லை. 2025 ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனும் எடுத்துவிட்டார்கள். சோதனை இல்லை என்பது வேறு, சட்டம் இல்லை என்பது வேறு. கம்பெனி பொருத்தி அனுப்பின புகைக் கட்டுப்பாட்டுச் சாமானைக் கழற்றுவதும் வேலை செய்யாமல் ஆக்குவதும் மத்திய அரசின் கிளீன் ஏர் ஆக்ட்டில் குற்றம். ஆரம்பத்தில் அது கம்பெனி, டீலர், ஒர்க்‌ஷாப் ஆட்களுக்குத்தான் இருந்தது. 1990 திருத்தத்தில் ‘எந்த ஒருவரும்’ என்று மாற்றினார்கள், வண்டிச் சொந்தக்காரரும் அதற்குள் வந்துவிட்டார். சட்டத்தில் எழுதின அபராதம் தனி ஆளுக்கு 2,500 டாலர் வரை, டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் 25,000 வரை. விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகைகள் பிறகு ஏறியிருக்கின்றன. ரிப்பேருக்காகத் தற்காலிகமாகக் கழற்றி, சரிசெய்து திரும்ப மாட்டுவது குற்றமில்லை, அதையும் சட்டமே சொல்கிறது. உங்கள் வாசலுக்கு அதிகாரி வந்து ஹூடைத் திறக்கப் போவதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். வரமாட்டார்தான். ஆனால் எந்த ஒழுங்கான கடையும் உங்களுக்காக இந்த வேலையைச் செய்யாது, நானும் செய்ய மாட்டேன். என் லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறது, அது அங்கேயே இருக்க வேண்டும்.

உங்களை உண்மையில் கடிக்கப்போவது கலிஃபோர்னியா. இங்கே பெட்ரோல் வண்டியில் 1975 மாடல் வரைதான் ஸ்மாக் செக் என்கிற புகைச் சோதனையிலிருந்து விலக்கு. உங்களுடையது 1989. இங்கே ரிஜிஸ்டர் செய்யும்போதும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும் சோதனை உண்டு. பெரிய ஊர்களில் அந்த வயது வண்டியை உருளை மேல் ஏற்றி ஓட்டி, டெயில் பைப்பில் குச்சியைச் செருகி அளப்போம். அதற்கும் முன்னால் நான் செய்கிற முதல் காரியம் ஹூடைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் எமிஷன் ஸ்டிக்கரைப் படிப்பது. அதில் என்னென்ன சாமான் எழுதியிருக்கிறதோ அத்தனையும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். பம்ப் இல்லையென்றால் புகை எவ்வளவு சுத்தமாக வந்தாலும் ஃபெயில். சிலர் பம்ப்பை வைத்துவிட்டு உள்ளே இருக்கும் தகடுகளை உருவிவிடுவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் அழகாகச் சுற்றும். ஹோஸைக் கழற்றி உள்ளங்கையை வைத்தால் மூச்சே இருக்காது. எத்தனை பேர் என் முன்னால் ‘அப்படியா சார்?’ என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்! நடிப்புக்கு அவார்டு கொடுக்கலாம். இன்றைக்குத் தூக்கிப் போட்ட பம்ப், பிராக்கெட், குழாய், வால்வு எல்லாவற்றையும் அடுத்த வருஷம் ஜங்க்யார்டில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவதற்கு இரண்டு மடங்கு செலவாகும். பிராக்கெட் போல்ட் ஒன்று தொலைந்தால் அதற்கே ஒரு சனிக்கிழமை போகும்.

சரி, என்ன செய்வது? என் கையில் அந்த வண்டி இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து ஆரம்பித்து பம்ப்பில் முடிப்பேன், எல்லோரும் செய்வதற்கு நேர்மாறாக. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது செக் வால்விலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள். உங்கள் வண்டியில் அது இரண்டு இருக்கும், ஒன்று கிராஸ்ஓவர் குழாய்க்கு, ஒன்று கீழே கன்வெர்ட்டருக்குப் போகிற குழாயில். ஹோஸுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வழுவழுவென்று ரப்பராக இருந்தால் அந்த வால்வு பிழைத்திருக்கிறது. கரி ஒட்டினால், மொறமொறவென்று உதிர்ந்தால், முடிந்தது கதை. ஒரு துண்டு ஹோஸை வால்வின் வாயில் மாட்டி ஊதுங்கள், காற்று போக வேண்டும். இழுங்கள், வரக்கூடாது. உறிஞ்சும்போது வாயில் துருத்தூள் வந்தால் என்னைத் திட்டாதீர்கள், துணியைச் சுற்றிக்கொண்டு செய்யுங்கள். இரண்டில் ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

அடுத்தது கிராஸ்ஓவர் டியூப். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஹெட்டுகளுக்குப் பின்னால் பாருங்கள். கசிகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் மசி விசிறியடித்திருக்கும். அதைக் கழற்றுவதுதான் இந்த முழு வேலையிலும் உயிரை வாங்குகிற இடம். ஃபயர்வாலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கை நுழையும், ஸ்பேனர் நுழையும், இரண்டும் சேர்ந்து நுழையாது. ஹெட்டில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உள்ளே ஓட்டையுள்ளவை, காற்று அவற்றின் வழியாகத்தான் போகிறது. அதனால் சாதாரண போல்ட்டை விட சீக்கிரம் முறியும். முந்தின நாள் ராத்திரியும் காலையிலும் துரு இளக்கும் ஆயிலை ஊற்றிவிடுங்கள். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை தள்ளி, பிறகு அவிழ்க்கிற பக்கம், திரும்பவும் இறுக்கி, இப்படி ஆட்டி ஆட்டித்தான் கொண்டுவர வேண்டும். நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டி வீரம் காட்டினீர்களானால் போல்ட்டின் தலை கையோடு வரும், மிச்சம் ஹெட்டுக்குள் நிற்கும். அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றவேண்டி வரலாம். உங்களுக்கு இந்த இடத்தில் தயக்கம் இருந்தால் இதை மட்டும் கடைக்குக் கொடுங்கள், வெட்கம் ஒன்றுமில்லை. புதுக் குழாய் கிடைக்காவிட்டால் எக்ஸாஸ்ட் கடையில் பழையதை மாதிரிக்குக் கொடுத்து வளைத்து வாங்கலாம். ஜங்க்யார்டிலிருந்து மட்டும் அந்தக் குழாயை எடுக்காதீர்கள். அதுவும் உங்களுடையதன் வயசுதான், அதே துருதான்.

மூன்றாவது வேக்குவம். டைவர்ட்டர், பைபாஸ் வால்வுகளுக்குப் போகிற குச்சிக் குழாய்கள் பிளாஸ்டிக். இத்தனை வருஷச் சூட்டில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஸ்டிக்கரில் உள்ள வேக்குவம் படத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள், பக்கத்திலேயே, எக்ஸாஸ்ட்டில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற இ.ஜி.ஆர். வால்வின் குழாயும் இருக்கும், மாறிப்போகும். பைபாஸ் வால்வுக்கு வேக்குவம் வராவிட்டால் அது காற்றை வெளியில் விட்டுக்கொண்டே இருக்கும், புஸ்ஸென்று சத்தம் வரும். பம்ப் போய்விட்டது என்று பலர் ஏமாறுவது அந்தச் சத்தத்தில்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகு பம்ப். ரீபில்ட் வாங்கலாம். ஜங்க்யார்டு பம்ப் வாங்கினால் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான கீச்சொலி பரவாயில்லை, சொரசொரப்பு, தடங்கல் கூடாது. காற்று வெளியேறும் வாயில் விரலை விட்டு எடுத்தால் கரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுவும் உங்கள் பம்ப் செத்த வழியிலேயே செத்துக்கொண்டிருக்கிறது. சத்தம் குறையட்டும் என்று எந்தக் காரணத்துக்கும் பம்ப்புக்குள் ஆயில் விடாதீர்கள். மாட்டும்போது அலுமினிய உடம்பில் கடப்பாரை வைத்து நெம்பாதீர்கள், விரிசல் விடும். இன்ஜின் கழுவும்போது புல்லிக்குப் பின்னால் இருக்கும் விசிறி மாதிரியான சாமான் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், அது பம்ப் காற்று இழுக்கும் வழி, தூசியைச் சிதறடிக்கும் ஃபில்டரும் அதுதான். கருகின பெல்ட்டைத் திரும்ப மாட்டாமல் புதிது போடுங்கள். பெல்ட் போகிற பாதையை ஸ்டிக்கரில் சரிபாருங்கள். அளவு தெரியாமல் சின்ன பெல்ட் போட்டு, வாட்டர் பம்ப்பைத் தலைகீழாகச் சுற்றவிட்டு இன்ஜினைக் கொதிக்க வைத்தவர் ஒருவர் என்னிடமே வந்திருக்கிறார். அவரும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் செய்தாராம்.

எல்லாம் மாட்டின பிறகு கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடுங்கள். ஹூடுக்குள் இருக்கும் செல்ஃப்-டெஸ்ட் கனெக்டரில் ஒரு சின்ன வயரை மேனுவலில் சொன்ன இரண்டு முனையில் செருகினால், டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு மினுக்கி மினுக்கிப் பேசும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஓடவிட்டு டெஸ்ட் செய்யுங்கள். நான்கு மினுக்கு, ஒரு இடைவெளி, நான்கு மினுக்கு வந்தால் அதுதான் 44, காற்று போய்ச் சேரவில்லை. 45 வந்தால் காற்று இன்ஜின் பக்கமே சிக்கி நிற்கிறது, டைவர்ட்டர் வால்வைப் பாருங்கள். 46 வந்தால் பைபாஸ் ஆக வேண்டிய நேரத்தில் ஆகவில்லை. ஒன்று, ஒன்று என்று 11 வந்தால் எல்லாம் சுகம். மினுக்குவதை எண்ணும்போது பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள், மனசில் எண்ணினால் தப்பும்.

வேலையை வெளியில், டிரைவ்வேயில் செய்யுங்கள், கராஜுக்குள் வேண்டாம். ஆரம்பிக்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள், கிராஸ்ஓவர் பக்கம் ஸ்பேனர் நழுவினால் வயர் கட்டின் மேல்தான் விழும். பழைய பம்ப்பை பார்ட்ஸ் கடையில் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது பழைய சாமானுக்காகப் பிடித்துவைத்த கோர் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். ஹேக்ஸாவால் அறுத்துப் பார்க்கும் ஆசை வந்தால் அந்தப் பணம் போச்சு. என்னைக் கேட்டால் அறுத்துப் பார்க்கத்தான் சொல்வேன். உள்ளே என்ன இருந்தது என்று ஒரு படம் எடுத்து அப்பாவுக்கும் அனுப்புங்கள், எனக்கும் அனுப்புங்கள்.